ஒன்றாம் நம்பர் விளக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். காசிமேட்டில் ஓர் ஒற்றை அறை வீடு. தரையில் ஒன்பது பத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கருவாட்டு வாசனை, மல்லிகைப் பூ வாசனை, பக்கத்து ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வரும் அமோனியா நெடி, மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன. டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடுகிறது. நாடகம் ஆரம்பிக்க இன்னும் இரண்டு நிமிஷம்தான்.

டி.வி.யின் மேல் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் வரிசையாக எட்டு சின்ன விளக்குகள். முதல் விளக்கு பச்சையாக எரிகிறது. என் கையில் ரிமோட். கட்டைவிரல் ஒன்றாம் நம்பர் பொத்தானின் மேல் இருக்கிறது.

"வோணாம் கண்ணு," என்கிறாள் கன்னியம்மா. "அத்த மட்டும் அமத்தாத."

நான் அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரேழியில் சுவிட்ச் போட்டால்கூடச் சில நாள் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இந்தத் தொடரில் முன்பு வந்த ரயில்வே கேட் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இப்படியே சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள் என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். அவர் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதை எழுதாமல் தள்ளித் தள்ளிப் போட்டுத்தான் இத்தனை வாரமும் உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணுகிற வேலை

பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். கொருக்குப்பேட்டையில் படித்த பெண் வீட்டில் இருந்தால் தெருவே அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும். அதற்குப் பயந்து எந்த வேலைக்கும் தயாராக இருந்தேன்.

அப்போது ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். எந்த வீட்டில் யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது அதே பெயரில் இல்லை. கேபிள் டி.வி. வீட்டுக்கு வீடு வந்து, புதுப்புதுச் சேனல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

"நார்த் மெட்ராஸ் பக்கம் போவீங்களா?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள்.

"நானே அந்தப் பக்கம்தான் சார்," என்றேன்.

ஏதோ அபூர்வப் பிராணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். கூட வந்த மற்றவர்கள் அடையாறு, அண்ணா நகர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்றும் போட்டியே இல்லாமல் எனக்கு வந்தன.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போகும் எண்ணூர் பஸ்ஸில்தான் என் இருபதுகள் கழிந்தன. காலையில் போட்ட வெள்ளைத் துப்பட்டா சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வீடு திரும்பும். மணலிக் காற்று அடிக்கிற நாளில் கண் எரியும். "அழுதியாடி?" என்று அம்மா கேட்பாள்.

வேலை இதுதான். தேர்ந்தெடுத்த வீடுகளில் அந்தக் கறுப்புப் பெட்டியை வைப்போம். வீட்டில் இருக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நம்பர். குடும்பத் தலைவர் ஒன்று, மனைவி இரண்டு, அப்புறம் பிள்ளைகள். டி.வி. முன்னால் உட்காரும்போது தன் நம்பரை அழுத்த வேண்டும், விளக்கு எரியும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும், அணையும். நாமாக அணைக்காதவரை அது எரிந்துகொண்டே இருக்கும். கரண்டு போய் வந்தாலும் பழையபடி எரியும். கடைசி எட்டாம் நம்பர் விருந்தாளிகளுக்கு.

யார் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது பெட்டிக்குள் பதிவாகும். வாரா வாரம் நான் போய், ஒரு கையடக்கக் கருவியில் அந்தக் கணக்கை இறக்கிக்கொண்டு வந்து ஆபீசில் கொடுப்பேன்.

இந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது வெளியே தெரியவே கூடாது என்று சட்டம். காசிமேட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? நான் பெட்டியை வைத்துவிட்டுத் தெரு முனைக்கு வருவதற்குள், கன்னியம்மா வீட்டில் கவர்மென்ட் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே ஒருத்தி சேதி சொன்னாள். நான் அதை ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் வீடு போய்விடும், வேறு வீடு தேடி நான் அலைய வேண்டும்.

விருந்தாளிப் பொத்தானுக்குத்தான் பெரிய அடிதடி. நாடகம் பார்க்க வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை எட்டை அழுத்துவார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதி ஒருநாள் தாமதமாக வந்து, தன்னை விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றாள்.

"என்னிய எண்ணலன்னா நான் பாத்ததுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள்.

எங்கள் கம்பெனி வாசலில் எழுதி மாட்ட வேண்டிய கேள்வி.

சனி ஞாயிறு யுத்தம்

அப்போது பெரிய சேனல் ஒன்று, புதுச் சேனல் ஒன்று. ஞாயிறு சாயங்காலம் பெரிய சேனலில் சினிமா. ஊரே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். புதுச் சேனல்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சினிமா ஆரம்பிப்பதற்கு அரை மணி நேரம் முன்பாக, சனியும் ஞாயிறும் ஆறு மணிக்கு, ஒரு மணி நேரக் குடும்ப நாடகம் போட்டார்கள். சினிமா தொடங்கும் நேரத்தில் நாடகத்தில் யாராவது ஒருத்தி மயங்கி விழுவாள், அல்லது யாராவது கதவைத் தட்டுவார்கள். அதை விட்டுவிட்டு எந்தப் பெண் சேனல் மாற்றுவாள்?

மாற்றவில்லை. பெரிய சேனல் பதறிப்போய் அதே ஆறு மணிக்குத் தன் பங்குக்கு ஒரு நாடகத்தை இறக்கியது. இரண்டிலும் மாமியார், இரண்டிலும் பாகப்பிரிவினை, இரண்டிலும் அழுகை. எங்கள் பக்கத்தில் எது ஜெயிக்கும் என்பது பாதி கேபிள்காரர் கையில் இருந்தது. அவருக்குப் பிடிக்காத சேனல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

புதன்கிழமை, எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற நம்பர் வரும். அன்று ஆபீசில் போன் ஓயாது. ஒரு புள்ளி ஏறினால் ஒருவருக்குப் பதவி உயர்வு, இறங்கினால் நாடகத்தில் யாரையாவது சாகடிப்பார்கள்.

எங்கள் பெட்டிகள் கொஞ்சம்தான். ஆகவே ஒவ்வொரு வீடும் சில ஆயிரம் வீடுகளுக்குச் சமம். கன்னியம்மா எழுந்து போய்ச் சோறு வடித்தால், கணக்கில் ஒரு சின்ன ஊரே எழுந்து போய்ச் சோறு வடிக்கும்.

இந்தச் சமயத்தில்தான் விசித்திரமான ஒரு விஷயம் கிளம்பியது. புதுச் சேனலின் நாடகத்தை வட சென்னையில் ஆண்கள் பார்க்கிறார்கள்! நம்பர் அப்படித்தான் சொன்னது. வேறு எங்கும் இல்லாத அதிசயம். புதுச் சேனல்காரர்கள் குதித்தார்கள். அழுகை நாடகத்துக்கு நடுவில் ஷேவிங் பிளேடுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் விளம்பரம் வர ஆரம்பித்தது. ராயபுரத்தில் எந்த ஆம்பிளை உட்கார்ந்து இதைப் பார்க்கிறான், காட்டுங்கள் என்று பெரிய சேனல் புகார் செய்தது.

தேடிப் பார்த்ததில், அந்த ஆம்பிளை நான் பெட்டி வைத்த வீட்டில் இருந்தார்.

கடலில் இருக்கும் பார்வையாளர்

எங்கள் மேலாளர் சுந்தரேசன் சார் ஒரு தாளை என் முன்னால் போட்டார்.

"இந்தக் காசிமேட்டு வீட்டுல ஒரு நம்பர் ஆளு நாள் பூரா டி.வி. முன்னாடியே இருக்கான். நியூஸ், சமையல் நிகழ்ச்சி, நாடகம், எல்லாத்துக்கும். பத்து நாள் தொடர்ந்து. வேலை வெட்டி இல்லாதவனா?"

"மீன் பிடிக்கிறவர் சார். போட்ல போனா வர பத்து நாள் ஆகும்."

"அப்ப கடல்லேர்ந்து டி.வி. பாக்கிறானா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உன் கன்ஃபர்மேஷன் இந்த மாசம் வருது, ஞாபகம் இருக்கா? இந்த ஞாயித்துக்கிழமையே போய்ச் சரி பண்ணு. நாடகம் ஆரம்பிக்கிறப்ப அந்த லைட் எரியக் கூடாது. இல்லேன்னா அந்த வீட்டையும் எடுத்துடலாம், உன்னையும் எடுத்துடலாம்."

அந்த ஒன்றாம் நம்பர் ஆளின் பெயர் தேசிங்கு. கன்னியம்மாவின் கணவர். நான் அவரை மொத்தமே மூன்று தடவைதான் பார்த்திருப்பேன். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். உப்பு நீரில் வெளுத்துப்போன புருவம். பெட்டி வைத்த அன்று அவர்தான் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"வூட்டுக்கு நாந்தான் ஒண்ணாம் நம்பரா?" என்று மனைவியைப் பார்த்து ஒரு தடவை, மகள் ரேவதியைப் பார்த்து ஒரு தடவை கேட்டார். "கேட்டுக்கினியா? கம்பெனியே சொல்லிடுச்சி."

"நாடகம்லாம் பாப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"அட போ கண்ணு. எப்ப பாரு அழுதுகினே கீறாளுங்கோ. கடல்ல கீற உப்புத் தண்ணி பத்தாதா எனக்கு?"

அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் பேச்சு. நல்ல மனிதர் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு முன்னால்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன்.

நான் போனபோது மணி ஐந்தரை. ரேவதி கதவோரம் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றாம் நம்பர் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அண்ணன் எங்கே?"

"நேத்து கருக்கல்ல கெளம்பிட்டாரு கண்ணு. ஆந்திரா பக்கம் போறாங்கோ. வர பத்து நாளாவும்."

"அப்ப ஏன் அவர் நம்பர் எரியுது? ஆள் இல்லாதப்ப எரியக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. கரண்டு பில்லு நாந்தான கட்றேன்?"

வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் மறுபடி விளக்கினேன், கொஞ்சம் அதட்டலாகவே. அப்போதுதான் கன்னியம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

தேசிங்கு படகேறப் போகும்போது தானே ஒன்றை அழுத்தி விளக்கை ஏற்றிவிட்டுப் போவார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்ததும், தானே அழுத்தி அணைப்பார். முதல் தடவை விளையாட்டாகச் செய்தாராம். அந்தத் தடவை வலை நிறைய மீன். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

அதாவது, அவர் வீட்டில் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், கடலில் இருந்தால் எரியும். எங்கள் கணக்குக்கு நேர் தலைகீழ்.

"ஆளு கடல்ல கீறப்ப இந்த வூட்ல தட்டு கூட கவுத்து வெக்க மாட்டேன்," என்றாள் கன்னியம்மா. "போட்டு கவுந்த மாரி ஆயிடும்னு. அவரு பேருக்கு எரியிற வெளக்க நான் எப்பிடி கண்ணு அமத்துவேன்? அவரு வந்து அமத்துவாரு. நீ அது வரிக்கும் வுட்டுடு."

அவள் கெஞ்சவில்லை. ரொம்ப நியாயமான ஒரு விஷயத்தைப் புரியாத ஒருத்திக்கு எடுத்துச் சொல்வதுபோல்தான் சொன்னாள். அங்கிருந்த எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். எல்லோருடைய புருஷன்மாரும் கடலில்தான் இருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தி நாலு வயசு. படித்த திமிர் ஒரு பக்கம், வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். மணி வேறு ஆகிக்கொண்டிருந்தது. இது வெறும் பல்புதான் அக்கா, சாமி விளக்கு இல்லை என்றேன். அவள் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ரிமோட்டை எடுத்தேன்.

அழுத்தினேன்.

நாடகம் ஆரம்பித்துவிட்டது. தலைப்புப் பாட்டு பாதி ஓடும் வரைக்கும் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வதி எழுந்து வெளியே போனாள். எட்டாம் நம்பரை ஒரு தடவை குறைக்க வேண்டும் என்று என் மூளை கணக்குப் போட்டது. அப்படியொரு மூளை.

கன்னியம்மா முகம் வெளுத்துவிட்டது. அவள் கை ரிமோட்டை நோக்கி நீண்டது.

"தொடாதீங்கக்கா," என்றேன். "திரும்பப் போட்டா பெட்டி காட்டிக் குடுத்துடும். என் வேலை போயிடும்."

கை அப்படியே நின்றது.

"நெசமாவே போயிடுமா?"

"போயிடும்க்கா. இந்த மாசம்தான் நிரந்தரம் பண்றாங்க."

பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"செரி போ. நான் தொட மாட்டேன்," என்றாள். "வயசுப் பொண்ணு, உன் பொழப்புல ஏன் மண்ணு வியணும்?"

வாரக் கணக்கை வந்ததுமே இறக்கியிருந்தேன், அதனால் உடனே கிளம்பினேன். போகும்போது ரேவதி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலைப் பேப்பர்

அந்த வாரக் கடைசியில் கடலில் காற்று வந்தது. சென்னையில் பெரிய மழை இல்லை, வானம் மட்டும் இரண்டு நாள் மூடிக் கிடந்தது. ஆந்திரக் கரையில் பலமாக அடித்ததாகச் சொன்னார்கள். படகுகள் கிடைத்த துறைமுகத்தில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஒரு படகு வரவில்லை.

திருவொற்றியூரிலிருந்து வரும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் விரித்த மாலைப் பேப்பரில்தான் பார்த்தேன். ஆறு பேர் பெயர். மூன்றாவதாகக் காசிமேடு தேசிங்கு. முன் சீட்டுக்காரர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். நான் அவர் தோளைத் தட்டி, கொஞ்சம் முந்தைய பக்கம் காட்டுங்கள் என்றேன். மறுபடி படித்தேன். அதே பெயர்தான்.

பஸ் காசிமேட்டில் நின்றது. நான் இறங்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். துறைமுக வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றது தெரிந்தது. கன்னியம்மா அதில் இருந்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கரை ஒதுங்கியவை சில பலகைகளும் ஒரு டீசல் கேனும்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆள் யாரும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக்கு நேராக, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். பொய். நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை. ஒரு விளக்குக்கும் ஒரு படகுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். பி.காம். படித்தவள். ஆனால் ராத்திரி படுத்தால், படித்தது ஒன்றும் கூட வந்து படுப்பதில்லை.

ஆபீசில் எல்லாம் நன்றாக நடந்தது. தேசிங்கு இல்லாததால் வட சென்னை ஆண்கள் அந்த நாடகத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஷேவிங் பிளேடு விளம்பரம் நின்றது. புதுச் சேனல் நாடகத்தை மத்தியானத்துக்குத் தள்ளி, அப்புறம் சீக்கிரமாக முடித்துவிட்டது. கடைசி வாரத்தில் பிரிந்திருந்த எல்லோரும் ஒன்று சேர்ந்தார்களாம். ரசனை மாறிவிட்டது என்று ஒரு பத்திரிகை கட்டுரை எழுதியது. பெரிய சேனல்காரர்கள் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்பினார்கள்.

சுந்தரேசன் சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் நிரந்தரமானேன். நானும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் தின்றார்கள். நானும் தின்றேன்.

இரண்டு மாசம் கழித்து, பூட்டிய வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்றார்கள். அப்போதுதான் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். விளக்கு விஷயத்தை அல்ல. அந்த வீட்டு ஆள் கடலில் போய்விட்டார் என்பதை மட்டும்.

"அடடா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு ஃபாரத்தை எடுத்தார். உறுப்பினர் குறைந்ததற்குக் காரணம்: கல்யாணம், வெளியூர், மரணம். "மரணம் போட்டுடவா?"

"உடம்பு கிடைக்கலை சார். சர்டிபிகேட் தர மாட்டேங்கிறாங்களாம்."

அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். வெளியூர் என்பதற்கு எதிரே டிக் செய்தார்.

பெட்டியை எடுக்கப் போனது

ஒரு காலை நேரம். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. எடுக்கவா வைக்கவா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதற்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"வா கண்ணு," என்றாள். "இன்னா இப்பிடி எளச்சிட்ட?"

உள்ளே டி.வி. மேல் துணி போட்டு மூடியிருந்தது. பெட்டியின் ஒயர் பிளக்கிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. டி.வி. போடுவதே இல்லை என்றாள். ரேவதி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். ஸ்குரூடிரைவர் இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை அவள் அதை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு நான் அந்த..."

அதற்குமேல் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நாடகத்தில் அழுகிறவர்களைக் கிண்டல் செய்தவள், அவர்களைவிடச் சத்தமாக அழுதேன்.

"அடச்சீ, எய்ந்திரு," என்றாள் கன்னியம்மா. "அத்தயா நென்ச்சிகினு இத்தினி நாளு வராத கெடந்த? நல்ல பொண்ணு போ. நீ தெரு மொனைய தாண்டல, நான் அத்த திரும்ப போட்டுட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆமா கண்ணு. உனுக்கு சும்மா தொட மாட்டேன்னு சொன்னேன். நீ அப்பால போனதும் அமுக்கிட்டேன். அது பாட்டுக்கு எரிஞ்சிகினுதான் இருந்துச்சி. காத்து வந்துச்சி, போட்டு போச்சி. அதுக்கு நீ இன்னா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன்?"

"நெஜமாவாக்கா?"

"பொய் சொல்லி எனுக்கு இன்னா கண்ணு ஆவப் போவுது?"

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மீன் வாசனை அடித்தது. பார்வதி கடையிலிருந்து டீ வாங்கி வந்தாள். மூன்று பேரும் குடித்தோம். பார்வதி மட்டும் என்னிடம் பேசவில்லை.

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வீட்டுக்குப் போய், அம்மா போட்ட சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கடைசித் தாள்

ஒரு வீட்டை முடிக்கும்போது, பெட்டிக்குள் மிச்சம் இருக்கும் கணக்கையும் இறக்கி, அச்சடித்து, ஃபைலில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை ஆபீசில் அதைச் செய்தேன். ஒரே ஒரு தாள் வந்தது.

முதல் வரி: ஞாயிறு, ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால், ஒன்றாம் நம்பர் அணைப்பு. அது நான்.

அதற்குக் கீழே இரண்டும் மூன்றும் இருந்தன. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். கன்னியம்மா உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். ரேவதி உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு பிசகும் இல்லாமல், அத்தனை ஒழுங்காக. வியாழன் இரவு இரண்டாம் நம்பர் அணைப்பு. அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை.

மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்தேன். கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் மறுபடி எரியவே இல்லை.

என் வேலை போய்விடும் என்று சொன்னேன். அதற்காக அவள் அந்த ஐந்து நாளும், கடலில் இருந்த புருஷனின் விளக்கைத் தொடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

பெட்டி எல்லாவற்றையும் பதிவு செய்யும் என்று அவளுக்கு நானே சொன்னதுதான். அன்றைக்கு என் அழுகையைப் பார்த்ததில் அது அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டு, தாளை ஃபைலில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். பிறகு எத்தனையோ தடவை காசிமேட்டில் அவளிடம் மீன் வாங்கியிருக்கிறேன். ரேவதி கல்யாணத்துக்குப் போனேன். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால், எனக்காக அவள் சொன்ன அந்த ஒரே பொய்யையும் நான் கெடுத்தவளாகிவிடுவேன்.